அரக்குப் பூவும் மஞ்சள் பட்டனும்

என் தையல் மெஷினின் டிராயரைக் கழற்றித் தரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். கொக்கி, ஊக்கு, பாபின், உடைந்த சாக்பீஸ், நூல் தீர்ந்த கட்டைகள் எல்லாம் அவர் வேட்டியைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. சனிக்கிழமை காலை ஏழு மணி. வில்லியனூர் கடைத்தெருவில் எங்கள் பாத்திரக்கடையை அவர் திறந்திருக்க வேண்டிய நேரம்.

"இன்னா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. சட்டைப் பட்டன் பிஞ்சிடுச்சு."

சட்டையைப் பார்த்தேன். ஆறு பட்டனும் ஒழுங்காக இருந்தன. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த டிராயரை அவர் ஒரு ஊசிக்குக்கூடத் திறந்தது கிடையாது. பெயர் ஏழுமலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிற ஆள். முகத்தில் எல்லாம் தெரியும்.

சாதாரண நாளாக இருந்தால் பிடித்து உலுக்கியிருப்பேன். அன்றைக்கு எனக்கே தலைக்கு மேல் இருந்தது. எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள் என்று சிடுசிடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். போனவள் பாலைப் பொங்க விட்டேன்.

பத்து நாள்

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின வாரம், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை எடுத்தார்கள், அடுத்த வாரம் தாண்டித் திங்கட்கிழமை வந்தால் ரிப்போர்ட் தயாராக இருக்கும் என்றார்கள். பத்து நாள்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் சொன்னது ஒரே வாக்கியம்: "ஒண்ணும் இருக்காது." சொல்லிவிட்டு என்னை வீட்டில் இறக்கினார், கடைக்குப் போனார். இந்த மூன்று எழுத்துக் கட்டிக்கு இவரிடம் இருக்கிற பதில் இவ்வளவுதானா என்று எனக்கு அப்படி ஒரு கோபம். அன்று சாயங்காலம் அடுப்படித் தொட்டியில் மஞ்சள் கறை வேறு. யாரும் மஞ்சள் அரைக்கவில்லை, நான்தான் நினைவில்லாமல் டப்பாவைக் கொட்டியிருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு தேய்த்துக் கழுவினேன்.

வேறு யாரிடமும் சொல்லவில்லை. மகள் சென்னையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போனில் பேசும்போதெல்லாம் சமையலைப் பற்றியே பேசினேன். உனக்கு இன்னாச்சு, இவ்ளோ நேரம் சாம்பாரப் பத்திப் பேசற என்று கேட்டாள்.

இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். ரவிக்கை தைக்கலாம் என்று உட்கார்ந்தால், ஒரே ரவிக்கைக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்திருந்தேன். இருபது வருஷமாக வெட்டுகிற கை. அந்தப் பட்டுத்துணிக்கு ஈடு வாங்கிக் கொடுக்க நான் பட்ட பாடு தனி. சரி, இந்தப் பத்து நாளைக்கு அடுத்தவர் துணியில் கத்தரி வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆனால் கைக்கு வேலை வேண்டும். தப்பு செய்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாத வேலை.

கலர் பேப்பர் மேல் ஒரு பழைய பகை

பாத்திரக்கடையில் பாதி வியாபாரம் பரிசு கொடுக்கிறவர்களால்தான். தை பிறந்தால் கல்யாணம், காதுகுத்து, புது வீடு. குடம், சம்படம், விளக்கு எதை வாங்கினாலும் "பேக் பண்ணிக் குடுங்க" என்பார்கள். பளபள பேப்பரைச் சுற்றி, செலோ டேப்பை ஒட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் பூ.

குடத்துக்குப் பேப்பர் சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? கழுத்தில் சுருங்கும், வயிற்றில் கிழியும். கிழிந்த இடத்தில் இன்னொரு பேப்பர். மண்டபத்தில் ஒரே நொடியில் கிழித்து எறிவார்கள். பரிசைவிடக் குப்பை அதிகமாக இருக்கும். இதைக் கடையில் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

என்னிடமோ வீடு நிறையத் துணி. தையல்காரி வீட்டில் பிட்டுத் துணிக்கா பஞ்சம்? மிச்சத் துணியைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் சிலர் உண்டு. கைக்குட்டை அளவு துண்டுக்காக இரண்டு தடவை போன் செய்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பாக்கிப் பேர் விட்டுவிட்டுப் போவார்கள். அது போதாதென்று தாம்பூலத்தோடு வருகிற ரவிக்கைத் துண்டுகள். யாரும் தைத்துப் போடாமல் வீடு வீடாகச் சுற்றுகிற ஜாதி அது. நான் கொடுத்த ஒரு கிளிப்பச்சைத் துண்டு மூன்று வருஷம் கழித்து என்னிடமே வந்திருக்கிறது, அதே மடிப்பு கலையாமல்.

எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். பெரிய துணிகளைச் சதுரமாக வெட்டி, ஓரத்தில் லேஸ் வைத்தேன். நடுவில் பாத்திரத்தை வைத்து நாலு முனையையும் மேலே கொண்டுவந்து கட்டினால் போதும். பேப்பர் வேண்டாம், டேப் வேண்டாம். முடிச்சு மேல் ஒரு துணிப்பூ.

பூ சுலபம். டபராவைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்ட வேண்டும். வட்டத்தை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, விளிம்பில் நூல் ஓட்டி இழுத்தால் சுருங்கி ஒரு இதழ் ஆகிவிடும். ஐந்து இதழைக் கோத்தால் பூ. நடுவில் துணி மூடிய பட்டன். பின்னால் கேன்வாஸ் வட்டம் ஒட்டி ஒரு ஊக்கு. பரிசை வாங்கினவர்கள் பூவைக் கழற்றி ஜன்னல் திரைக்கோ குழந்தை கவுனுக்கோ குத்திக்கொள்ளலாம், துணியில் அடுத்த பரிசைக் கட்டிக் கொடுக்கலாம். "தூக்கிப் போடாதீங்க, மறுபடி கட்டுங்க" என்று ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொன்றிலும் கோத்தேன்.

மூன்று நாளில் முப்பது பூ. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரி தைத்தேன். ஊசி நின்றால் நினைப்பு ஓட ஆரம்பிக்கும், அதனால் ஊசியை நிறுத்தவே இல்லை.

கனமான பட்டன்

அரக்குப் பட்டில் ஒரு பூ மிக அழகாக வந்தது. கல்யாண ரவிக்கை ஒன்றின் மிச்சம். அதற்கு நடுவில் வைக்கப் பொருத்தமான பட்டன் கிடைக்கவில்லை. டிராயரைக் குடைந்தேன். மூலையில், பாபின்களுக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டிய வட்டமான ஒன்று அகப்பட்டது.

பொட்லி பட்டன் என்று நினைத்தேன். ரவிக்கை முதுகில் வைப்பதற்காகத் துணியில் எதையாவது பொதிந்து கட்டுவோம், அதற்கு அந்தப் பெயர். மணப்பெண் ரவிக்கைக்குப் பெரிய சைஸில் சில மாதிரி செய்து பார்த்திருக்கிறேன், அதில் ஒன்றாக இருக்கும் என்று தோன்றியது. கொஞ்சம் கனம். உள்ளே பழைய கோட்டுப் பட்டன் எதையாவது வைத்திருப்பேன். நூலை ஏன் இவ்வளவு கோணலாகச் சுற்றியிருக்கிறேன் என்றுகூட யோசித்தேன்.

தைத்து முடித்தபோது விரல் நுனியெல்லாம் மஞ்சள். சாயம் போகிற துணி, எந்தக் கடையில் வாங்கினேனோ என்று கடைக்காரனைத் திட்டினேன். ஆனால் அரக்குக்கு நடுவில் அந்த மஞ்சள் எடுப்பாகத்தான் இருந்தது. மறுநாள் கடையில் முதலில் விற்றது அந்தப் பூ வைத்த துணிதான்.

திரும்ப டிராயருக்கு

பொங்கின பாலைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தேன். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பாபின்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் சிடுசிடுப்பு போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, என்னவென்று சொன்னால் நானும் தேடுவேன் என்றேன்.

"மஞ்ச துணியில ஒரு காசு முடிஞ்சி வச்சிருந்தன்."

யாருக்காவது உடம்புக்கு வந்தால் எங்கள் பக்கம் பெண்கள் செய்கிற காரியம் அது. வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாயை முடிந்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவோம். நல்லபடியானதும் கோயிலுக்குப் போய்ச் செலுத்துவோம். அதுவரைக்கும் அவிழ்க்கக் கூடாது. இந்த மனுஷன் அதைச் செய்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, மத்தியானம் நான் படுத்திருந்தபோது கடையிலிருந்து வந்து, தன் கைக்குட்டையைக் கிழித்து அடுப்படித் தொட்டியில் மஞ்சள் கரைத்து நனைத்திருக்கிறார். முடிச்சுப் போடத் தெரியாமல் நூலைச் சுற்றியிருக்கிறார். பூஜை அலமாரியை நான் வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பேன், பார்த்தால் இவரும் பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால் மெஷின் டிராயரில் ஒளித்திருக்கிறார். என் கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றும் நினைத்தாராம்.

தொடக் கூடாது என்று ஒரு வாரமாகத் தொடாமல் இருந்தவர், ராத்திரி தூக்கம் வராமல், காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று திறந்திருக்கிறார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் பூ ஆக்கி வித்துட்டேன் என்று சொல்லும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. பூவிலேயா, பூவிலேயா என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் எழுந்து போய் வாசலில் நின்றார். இவர் பயப்படவே இல்லை என்று எட்டு நாளாக நான் பட்ட கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

எனக்கு இந்த முடிச்சிலும் வேண்டுதலிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் திங்கட்கிழமைக்குள் அது வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அது இல்லாமல் அவர் அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டார் என்று தெரிந்தது.

கொடுத்ததைக் கேட்பது

அந்தப் பூவை வாங்கினது கற்பகம் டீச்சர். என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவள்தான். காமாட்சி விளக்கு ஒன்று வாங்கி, செலியமேட்டில் தெரிந்தவர்கள் வீட்டுப் புதுமனை விழாவுக்குக் கொடுத்திருந்தாள்.

போய் நின்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கட்டியையும் சொல்ல வேண்டுமே. பூவில் ஊக்கு சரியில்லை, குத்திவிடும், மாற்றித் தர வேண்டும் என்று ஒரு பொய் சொன்னேன்.

"இன்னாக்கா நீ, குடுத்த பொருள யாராவது போயி திரும்பக் கேப்பாங்களா? என் மானம் போயிடும்க்கா."

நியாயம்தான். அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன். அப்படியும் நகராமல் அங்கேயே நின்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, வீட்டு அடையாளம் சொன்னாள். தன் பெயரை இழுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கரும்பு வெட்டு நடக்கிற சமயம். லோடு ஏற்றின டிராக்டர்கள் வழி முழுக்க அடைத்துக்கொண்டு போயின. ஒவ்வொன்றின் பின்னாலும் ஊர்ந்தோம். முந்துங்கள் என்று அவர் தோளில் குத்திக்கொண்டே வந்தேன். பாகூர் ஏரிக்கரையில் காற்று குளிர்ச்சியாக அடித்தது. அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

எந்த சாமிக்கு முடிந்தீர்கள் என்று அங்கேதான் கேட்டேன்.

ஒரு டிராக்டரைத் தாண்டினார். அப்புறம் சொன்னார். "பேரு சொல்ல மறந்துட்டன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் மாதா கோயிலில் நிற்கலாம் என்று நினைத்தாராம், நிற்கவில்லை. பெரிய கோயிலில் நிற்கலாம் என்று நினைத்தாராம், கூட்டமாக இருந்ததாம். வீட்டுக்கு வந்து பொதுவாக முடிந்துவிட்டாராம். அப்படியானால் எந்த உண்டியலில் போடுவீர்கள் என்று கேட்டேன். நீ முதலில் நல்லாகு, அப்புறம் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

செலியமேட்டு வீடு

வாசலில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. என் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் போனேன். தனம் என்று அந்த வீட்டுப் பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை.

பாத்திரக்கடையிலிருந்து வருகிறேன், பரிசுத் துணியில் ஒரு பூ, அதன் ஊக்கு என்று பழைய பொய்யை ஆரம்பித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே வரச் சொன்னாள்.

சாமி அலமாரியில் எங்கள் கடை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், துணியை நாலாக மடித்து அதன் மேல், அரக்குப் பூ.

"புடிச்சதுமே கையில மஞ்ச ஒட்டிச்சு. அமுக்கிப் பாத்தா காசு. யாரோ வேண்டி முடிஞ்சதுன்னு தெரிஞ்சிபோச்சு. டீச்சரு வூட்டுல யாருக்கு இன்னாவோ, அத எப்படிப் போயி கேக்கறது? அதான் வச்சி வெளக்கு ஏத்திட்டன். நாலஞ்சு நாளா யாருக்கோ நல்லாவட்டும்னு கும்புட்டுனு இருக்கன்."

அலமாரிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெயர் தெரியாத சாமிக்கு என் வீட்டுக்காரர் முடிந்த காசை, பெயர் தெரியாத ஆளுக்காக இந்த அம்மா கும்பிட்டிருக்கிறாள்.

"யாருக்கும்மா?" என்று கேட்டாள் தனம்.

"எனக்குத்தாங்க்கா."

மகளிடம் சொல்லாததை, கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததை, முதன்முதலாக அங்கே சொன்னேன். எந்த இடம், எவ்வளவு பெரிது, நாளைக்கு என்ன தெரியப் போகிறது எல்லாம். ஒன்றும் இருக்காது என்று அவள் சொல்லவில்லை. அதற்காக நான் அவளுக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

திருப்பிக் கொடுக்கும்போது வெறுந்துணியாகக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு அச்சு வெல்லத்தை வைத்து அதே துணியில் கட்டினாள். முடிச்சு மேல் பூவைக் குத்தினாள். கேட்டுக்கு வெளியே வந்து நீட்டியபோது வீட்டுக்காரர் துணியைப் பார்க்கவில்லை, வெல்லத்தைப் பார்க்கவில்லை. பூவின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும், பூவைப் பிரித்துக் காசைத் தனியாக எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், இனிமேல் அதில் கத்தரி வைக்க வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமையும் அப்புறமும்

ரிப்போர்ட் நல்லதாக இல்லை. வேண்டுதல் பலித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. சீக்கிரம் வந்துவிட்டீர்கள், ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார் டாக்டரம்மா. பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர் ஒன்றும் இருக்காது என்ற தன் வாக்கியத்தை மறந்துவிட்டு, எத்தனை நாள், என்ன சாப்பாடு என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அன்று ராத்திரி மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். சாம்பாரைப் பற்றிப் பேசும்போதே நினைத்தேன் என்று அழுதாள்.

ஆபரேஷன் அன்று காலையில் வளையல், மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தலைமாட்டில் அந்தப் பூவைக் குத்தி வைத்திருந்தேன். நர்ஸ் அதையும் எடுக்கச் சொன்னாள். எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விரல்களை மூடிக்கொண்டார். என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தேன். கையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார்.

எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது தாகம். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டில் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். தனமும் வந்திருந்தாள் போல, வெல்லம் தீர்ந்ததும் நான் அவளுக்கே திருப்பிக் கொடுத்திருந்த லேஸ் துணியில் கட்டின ஒரு தூக்கு ஜன்னலோரத்தில் இருந்தது.

டாக்டர் சொன்னதை முதலில் சொல்வார் என்று பார்த்தேன். அவர் மூடியிருந்த கையை மெதுவாக என் முன்னால் திறந்தார். இதழ்கள் ஐந்தும் கசங்கி வேர்வையில் நனைந்து கிடந்தன.

"பூவு நசுங்கிப்போச்சு கோமதி."

அவர் உள்ளங்கை முழுக்க மஞ்சளாக இருந்தது.